ஸ்டாண்டர்டு ஹெரால்டு: பிரித்தால் தெரியும் சரித்திரம்



போன தடவை சோழர் கால ஏரிகள், அதற்கு முந்தின தடவை தபால் தலைகள். இந்தத் தடவை ஒரு கார். "சரித்திரம் படிக்கிற பொண்ணுக்குக் காரோட என்ன வேலை?" என்று வகுப்பில் சிலர் ஏற்கெனவே கேட்டாயிற்று. வேலை இருக்கிறது, சொல்கிறேன்.

இன்றைக்கு நாம் தெருவில் பார்க்கிற கார்கள் பெரும்பாலும் ஒரே உடம்பாக இருப்பவை. தரை, தூண், கூரை எல்லாவற்றையும் சேர்த்துப் பற்றவைத்த ஒரு பெட்டி. அந்தப் பெட்டியேதான் காரின் எலும்பும். ஆனால் 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு என்ற கார் அப்படி இல்லை. அடியில் தனியாக ஒரு சேஸிஸ், அதன் மேல் முன் பாதி ஒரு துண்டு, பின் பாதி ஒரு துண்டு, கூரை ஒரு துண்டு. எல்லாம் போல்ட்டு போட்டுப் பூட்டியவை. ஸ்பேனர் இருந்தால் கூரையையே கழற்றிக் கீழே வைத்துவிடலாம். அதே கார்தான் 1961 முதல் நம்ம மெட்ராஸில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரானது.

உலகமே ஒரே உடம்புக் காருக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு கம்பெனி ஏன் பழைய முறைக்குத் திரும்பிப் போனது? அந்தப் பழைய முறை எப்படி நம்ம ஊருக்கு வசதியாகப் போனது? 60 வருஷம் கழித்து ஸ்ரீரங்கத்தில் ஒரு கொட்டகையில் நானும் எங்க அப்பாவும் அதே காரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறோமே, அது எப்படிச் சாத்தியமானது? மூன்றுக்கும் ஒரே பதில்தான் என்பது என் கட்சி.

இங்கிலாந்தில் ஒரு தட்டுப்பாடு

டிரையம்ப் என்ற பெயர் அப்போது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கையில் இருந்தது. கவன்ட்ரி நகரத்துக் கம்பெனி. கார் உடம்பைத் தகடாக அழுத்தி எடுக்கிற பிரம்மாண்டமான பிரஸ் மெஷின்கள் அவர்களிடம் போதிய அளவு கிடையாது. அந்த வேலையை ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. 1953-ல் அந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஆஸ்டின், மாரிஸ் எல்லாம் அவர்களுடைய கார்கள். போட்டிக்காரனுக்குப் புதுக் கார் உடம்பு செய்துகொடுக்க அவர்களுக்கு என்ன அவசியம்?

ஆக, ஒரு முழு உடம்பைச் செய்து தர ஆள் இல்லை. ஆனால் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து தர பல ஊர்களில் பல பட்டறைகள் இருந்தன. சரி, துண்டுகளாகவே செய்வோம், தனி சேஸிஸ் போட்டு அதன் மேல் பூட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள். பொறியியல் பொறுப்பு ஹாரி வெப்ஸ்டர். உருவம் வரைந்து கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி. கட்டாயத்தில் பிறந்த கார் அப்படித் தெரியாமல் அழகாக இருப்பது அவர் கைவண்ணம். பானெட் என்றால் மூடி மட்டும் இல்லை, மூக்கு, விளக்கு, இரண்டு பக்க மட்கார்டு எல்லாம் சேர்ந்து அப்படியே முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். டயரில் உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடி விட்டத்தில் வண்டி முழுசாகத் திரும்பிவிடும்.

இந்த இடத்தில் ஸ்போர்ட்ஸ் கார் ரசிகர்களுக்கு ஒரு செய்தி. 1962-ல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் இந்த ஹெரால்டின் தங்கைதான். இதே சேஸிஸைக் குட்டையாக்கி, இதே முன் சக்கர அமைப்பை வைத்து, அதே மிக்கெலோட்டி வரைந்தது. கம்பெனியிடம் பணம் இல்லாததால் அதன் மாதிரி வண்டி ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்ததாம். 1961-ல் லேலண்டு நிறுவனம் கம்பெனியை வாங்கிச் சுற்றிப் பார்க்க வந்தபோதுதான் துணியை விலக்கி, "இதைத் தயார் பண்ணுங்கள்" என்றார்கள். லோட்டஸ் போன்ற கம்பெனிகள்கூட ஹெரால்டின் முன் சக்கரப் பாகங்களை வாங்கித் தங்கள் கார்களில் பயன்படுத்தின. ஹெரால்டு பந்தயக் கார் இல்லைதான். ஆனால் பந்தயக் கார்களுக்குச் சொந்தக்கார வீட்டுப் பிள்ளை. (அப்பாவிடம் "நாம ரிப்பேர் பண்றது ஸ்போர்ட்ஸ் கார்ப்பா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். சிரிக்கிறார். :-) )

மெட்ராஸுக்கு வந்த கதை

சுதந்திரம் வந்த கையோடு இந்தியாவில் கார் சம்பந்தமாக மூன்று காரியங்கள் நடந்தன. 1949-ல் முழுதாகத் தயாரான கார்களை இறக்குமதி செய்யத் தடை வந்தது. பிறகு சுங்கவரி ஆணையம் கார்த் தொழிலை ஆராய்ந்தது. 1953-ல் அதன் அறிக்கையை ஏற்ற அரசு, "பாகங்களை இங்கேயே படிப்படியாகத் தயாரிக்கத் திட்டம் இருந்தால் இருங்கள், சும்மா வரவழைத்துப் பூட்டி விற்பதானால் கிளம்புங்கள்" என்ற பொருளில் சொல்லிவிட்டது. பம்பாயில் 1928 முதல் கார் பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கிளம்பிவிட்டது. ஃபோர்டும் கிளம்பியது.

தங்கியவற்றில் கார் விஷயத்தில் நிலைத்தவை மூன்று. கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் (அம்பாசிடர்), பம்பாயில் பிரீமியர் (ஃபியட்), மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ். இந்த மூன்றாவது கம்பெனி 1948-ல் இங்கிலாந்து ஸ்டாண்டர்டின் கூட்டோடு தொடங்கியது. முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென். 1961-ல் ஹெரால்டு. இங்கிலாந்தில் 'டிரையம்ப்' என்று விற்ற காரை இங்கே 'ஸ்டாண்டர்டு' என்றே விற்றார்கள். இன்ஜின் ஸ்டாண்டர்டு டென் காரில் இருந்த அதே 948 சி.சி. நான்கு சிலிண்டர்.

இங்கேதான் அந்தத் துண்டு துண்டான உடம்பு கைகொடுத்தது. ஒரே உடம்புக் கார் செய்வதென்றால் பெரிய பிரஸ், பெரிய அச்சுகள், அதற்கெல்லாம் அந்நியச் செலாவணி. அன்றைக்கு அது பொன்னைவிட அருமை. ஆனால் ஹெரால்டைப் பெட்டியில் போட்டு அனுப்பலாம், வந்த இடத்தில் பூட்டலாம். இந்த வருஷம் இந்தத் துண்டு, அடுத்த வருஷம் அந்தத் துண்டு என்று ஒவ்வொன்றாக உள்ளூர்ச் சரக்குக்கு மாறலாம். கவன்ட்ரியில் பெரிய பிரஸ் இல்லாத குறைக்குக் கண்டுபிடித்த வழி, அதே குறை இருந்த மெட்ராஸுக்குப் பொருந்திப் போனது.

எங்கள் கொட்டகையில்

எங்களிடம் இருப்பது 1966-ம் வருஷத்து இரண்டு கதவு வண்டி. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோடுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில், தென்னை மரத்தடியில் நின்றது. அந்த வீட்டுத் தாத்தா காலமான பிறகு வண்டி நகரவே இல்லை. 2005 நவம்பரில் காவிரியும் கொள்ளிடமும் பெருகியபோது தண்ணீர் அதன் தரைவரை வந்து போயிருக்கிறது. சீட்டைத் தூக்கினால் அடியில் மெல்லிய வண்டல் படிந்து, காய்ந்து, ஓடு மாதிரி வெடித்திருந்தது. வீட்டை விற்பதற்கு முன் அவர்கள் காயலான் கடைக்குத் தள்ளிவிட இருந்தார்கள். இரும்பு விலைக்கே அப்பா வாங்கிக்கொண்டார். அம்மாவின் கருத்தை இங்கே எழுதவில்லை.

அப்பா துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாய்லர் குழாய் வெல்டிங். திருச்சிக்காரர்களுக்கு இது புரியும். செக்கோஸ்லோவாக்கியா உதவியோடு திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை 1965-ல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, அதற்கு வேலை செய்து கொடுக்கும் பட்டறைகள் சுற்றிலும் முளைத்தன. 1975-ல் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் இங்கே வந்தது. அதற்கும் முன்னாலேயே, 1928 முதல், பொன்மலை ரயில்வே பணிமனை இருக்கிறது. ஃபிட்டர், டர்னர், வெல்டர் இல்லாத தெரு திருச்சியில் குறைவு.

ஆனால் பாய்லர் வேறு, கார் தகடு வேறு என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது. பாய்லர் குழாய் கனமானது, சூட்டைத் தாங்கும். கார் தகடு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. நிறுத்தாமல் கோடு இழுத்தால் சூட்டில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அதனால் இங்கே ஒரு பொட்டு, அரை அடி தள்ளி ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி நடுவில் ஒரு பொட்டு என்று வைக்க வேண்டும். "முப்பது வருஷம் வெல்டிங் பண்ணினேன் பாப்பா, இப்பத்தான் கோலம் போடக் கத்துக்கறேன்" என்றார் அப்பா.

துரு எங்கே பிடிக்கிறது என்பதிலும் இந்தக் காரின் பிறப்பு தெரிகிறது. துண்டுகள் அதிகம் என்றால் இணைப்புகள் அதிகம். இரண்டு தகடு சேரும் இடுக்கில் தண்ணீரும் மண்ணும் தங்கும். இரும்பு துருவானால் அதன் கன அளவு பல மடங்கு கூடும், அது இரண்டு தகட்டையும் உள்ளிருந்து நெம்பிப் பிரிக்கும். எங்கள் வண்டியில் கதவுக்குக் கீழே ஓடும் நீளத் தகடு இரண்டும் உதிர்ந்தே போயிருந்தன. ஒரே உடம்புக் காரில் அந்தத் தகடு போனால் எலும்பு போன மாதிரி. ஹெரால்டில் அது வெறும் சட்டை. கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மடித்துப் பூட்டலாம். எலும்பு சேஸிஸ்தான். அதுவும் முதுகெலும்பு நன்றாகவே இருந்தது. அதிலிருந்து இரண்டு பக்கமும் நீண்டு உடம்பைத் தாங்கும் கைகளில்தான் நான்கு போயிருந்தன. பாலக்கரைப் பக்கம் ஒரு பட்டறையில் தகடு மடித்து வாங்கி அப்பாவே செய்தார்.

அதனால்தான் முதலில் சொன்னேன், பதில் ஒன்றுதான் என்று. பெரிய மெஷின் இல்லாமல் செய்யும்படி வடிவமைத்த காரை, பெரிய மெஷின் இல்லாமலே திரும்பவும் செய்யலாம்.

பாகங்களில் எழுதியிருக்கும் ஊர்

கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொள்ளும்போது, படிப்பதற்கு முன் சுத்தம் செய்யச் சொல்வார்கள். காரிலும் அதே. வண்டலையும் கிரீஸையும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைக்கத் துடைக்க எழுத்துகள் வந்தன.

டைனமோவில் லூகாஸ்-டி.வி.எஸ். அது 1961-ல் தொடங்கி மெட்ராஸ் பாடியில் இயங்கிய கம்பெனி. பிரேக் சிலிண்டரில் பிரேக்ஸ் இந்தியா, 1962. அதுவும் பாடி. பிஸ்டனில் இந்தியா பிஸ்டன்ஸ், 1949-ல் தொடங்கியது, செம்பியம் பக்கம். டயரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அம்பத்தூரில் டன்லப், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். என்று இரண்டு பேர் போட்டி போட்ட காலம்.

பாடப் புத்தகத்தில் "காமராஜர் ஆட்சிக் காலத்தில் தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமன் முயற்சியால் தொழிற்பேட்டைகள் தோன்றின" என்று ஒரு வரி வரும். 2 மார்க் கேள்வி. கிண்டி 1958, அம்பத்தூர் 1964 என்று மனப்பாடம் செய்திருப்போம். அந்த ஒரு வரி எப்படி இருக்கும் என்று கேட்டால், கொட்டகையில் கழற்றி வரிசையாக வைத்திருக்கிற பாகங்களைக் காட்டுவேன். ஒரு காரின் வயிற்றுக்குள் வட சென்னையும் மேற்குச் சென்னையும் இருக்கின்றன. பின்னாளில் சென்னையை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று சொல்ல ஆரம்பித்ததும், 1990களில் ஃபோர்டும் ஹூண்டாயும் அங்கே வந்ததும் தற்செயல் இல்லை. பிஸ்டனும் பிரேக்கும் செய்யத் தெரிந்த கைகள் அதற்கு 30 வருஷம் முன்பே அங்கே தயாராகிவிட்டன. ஸ்டாண்டர்டு போன்ற வாடிக்கையாளர்களை நம்பித்தான் அந்தக் கைகள் பழகின.

நாலு கதவும் பின் அச்சும்

இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு நான்கு கதவு கிடையவே கிடையாது. இங்கே 1968-ல் மார்க் 3 என்று நான்கு கதவு ஹெரால்டு வந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத வண்டி. காரணம் சுலபம். அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் நான்கு கதவு. பாட்டியைப் பின் சீட்டில் ஏற்ற முன் சீட்டை மடக்க வேண்டிய காரை எந்தக் குடும்பம் வாங்கும்? துண்டு துண்டான உடம்பு என்பதால் இந்த மாற்றமும் கைக்கெட்டியது.

அடுத்தது பின் அச்சு. ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மேலும் கீழும் அசையும். குறுக்காகக் கிடக்கும் ஒரே கமான் பட்டை இரண்டையும் தாங்கும். நல்ல ரோட்டில் சொகுசு. ஆனால் நம்ம ஆட்கள் ஐந்து பேர் ஏறி, டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்தால் பின்பக்கம் அமுங்கும். சக்கரங்களின் தலை உள்ளே சாயும், டயரின் உள் ஓரம் சீக்கிரம் தேயும். வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் மடங்கப் பார்க்கும்.

முன்பக்கம் இன்னொரு தொல்லை. சக்கரம் திரும்பும் மூட்டின் அடியில் மரை வெட்டிய பித்தளைத் துண்டு ஒன்று இருக்கிறது. அதற்குக் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஆயில் போகும் ஓட்டையைப் பார்த்தால் கிரீஸ் கன் வைக்கத்தான் தோன்றும். கிரீஸ் நாளடைவில் காய்ந்து, தண்ணீர் இறங்கி, உள்ளே இருக்கிற இரும்பு மரை துருப்பிடிக்கும். ஒருநாள் திரும்பும்போது 'டக்' என்று உடைந்து சக்கரம் படுத்துக்கொள்ளும். எங்கள் வண்டியில் இடப்பக்கத்து மூட்டு அந்த நிலைமைக்கு ஒரு நூல் இப்பால் இருந்தது. உள்ளே கட்டியாகக் கிரீஸ்.

1971-ல் ஹெரால்டு நின்று, 1972-ல் கெஸல் என்ற கார் வந்தது. அதே இன்ஜின், மாற்றிய முகம், நான்கு கதவு. முக்கியமாக, பின்னால் அம்பாசிடர் மாதிரி ஒரே தண்டாக ஓடும் கெட்டியான அச்சு. இந்திய மெக்கானிக்குகளும் சொந்தக்காரர்களும் பத்து வருஷமாகச் சொன்ன குறைக்கு மெட்ராஸில் கிடைத்த விடை அது. ஆனால் நேரம் சரியில்லை. 1973-ல் பெட்ரோல் விலை எகிறியது. அரசின் விலைக் கட்டுப்பாடு வேறு. கார் விலையை யார் நிர்ணயிப்பது என்று கம்பெனிகள் உச்ச நீதிமன்றம்வரை போய் வந்திருந்தன. கெஸல் சொற்ப எண்ணிக்கையில் தயாராகி 1977-ல் நின்றது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார் வந்தது. வெளியே இங்கிலாந்தின் ரோவர் உடம்பு, உள்ளே பழைய காலத்து இன்ஜின். 1983-ல் மாருதி 800 வந்துவிட்ட ஊரில் அது எடுபடவில்லை. 1988-ல் ஸ்டாண்டர்டின் கார் உற்பத்தி முடிந்தது.

எது ஒரிஜினல்?

இப்போது எங்கள் சண்டைக்கு வருகிறேன்.

2021-ல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய கார், பைக்குகளை 'வின்டேஜ்' என்று பதியலாம். பதிவு எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ரிப்பேர், பெட்ரோல் போடுவது இதற்கெல்லாம் எடுக்கலாம். முக்கியமான நிபந்தனை: வண்டி அதன் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், உடம்பு, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. மாநில அளவில் ஒரு குழு பார்த்துச் சொல்லும். அதே வருஷம்தான் பழைய வண்டிகளை உடைத்துப் போடும் கொள்கையும் வந்தது. ஒரு பக்கம் காயலான் கடை, ஒரு பக்கம் வி.ஏ. நம்பர்.

எங்கள் வண்டி 60 வருஷத்தில் சும்மா இருக்கவில்லை. பின் கமான் பட்டையில் யாரோ ஓர் இலை கூடச் சேர்த்திருந்தார்கள். ஹாரன் சுவிட்ச் அம்பாசிடருடையது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, சேஸிஸின் வலது பின்கை ஒன்றை வெட்டிவிட்டு லாரி பாடி கட்டுகிற கனமான ஆங்கிள் இரும்பை வைத்து ஒட்டியிருந்தார்கள். எல்லாவற்றையும் கழற்றி 1966-ல் மெட்ராஸ் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த மாதிரி ஆக்க வேண்டும் என்பது என் வாதம்.

"ஏம்மா, ஒருத்தன் அந்தக் காலத்துல பாகம் கெடைக்காம கையில இருந்ததை வச்சு ஓட்டிக் காமிச்சிருக்கான். அவன் வேலையைத் தூக்கி எறிஞ்சுட்டு ஒரிஜினல்ங்கறியே" என்பது அப்பாவின் வாதம். "கம்பெனிக்காரன் நாலு கதவு வச்சா சரித்திரம், மெக்கானிக் ஓர் இலை சேர்த்தா தப்பா?"

பதில் சொல்லச் சிரமமான கேள்வி. ஏனென்றால் ஸ்ரீரங்கத்திலேயே இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் நிற்கின்றன. தெற்கு ராஜகோபுரம் நூற்றாண்டுகளாக மொட்டைக் கோபுரமாக நின்றது. 1987-ல் 236 அடியில் முடித்துக் கும்பாபிஷேகம் செய்தார்கள். அதை யாரும் "ஒரிஜினல் இல்லை" என்று சொல்வதில்லை. ஸ்ரீரங்கத்தின் அடையாளமே இன்று அதுதான். அதே கோயிலில் பிறகு நடந்த புதுப்பிப்பில் பின்னாளில் சேர்ந்த அடைசல்களை நீக்கி, பழைய மழைநீர் வடிகால்களை மீட்டார்கள். அதற்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. சேர்த்ததும் பாராட்டுப் பெற்றது, நீக்கியதும் பாராட்டுப் பெற்றது. பொன்மலையில் இன்னொரு வகை. நீலகிரி மலை ரயிலுக்கு சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பழைய எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களின் அமைப்பிலேயே அங்கே புது இன்ஜின்கள் கட்டினார்கள். இரும்பு புதிது, அமைப்பு பழையது.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. ஒவ்வொரு சேர்க்கையையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். அது என்ன வேலை செய்கிறது, வைத்திருந்தால் கேடா, எடுத்தால் எது போகும் என்று கேட்க வேண்டும். மொத்தமாக "பழையதெல்லாம் நல்லது" என்பதும் "பிற்சேர்க்கையெல்லாம் குப்பை" என்பதும் சோம்பேறித்தனம்.

அந்த ஆங்கிள் இரும்பை விசாரித்தது அப்பாதான். சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து, வெள்ளைப் பொடி அடித்துப் பார்த்தார். வெல்டில் விரிசல் இருந்தால் சாயம் கோடாக வெளியே கசியும். பாய்லர் வேலையில் தினமும் செய்கிற சோதனை. ஒட்டின ஓரத்தில், முதுகெலும்புப் பக்கம், மயிரிழை மாதிரி சிவப்பாக ஒரு கோடு வந்தது. மெல்லிய தகட்டில் வளையாத கனமான இரும்பை ஒட்டினால் குலுங்கும்போதெல்லாம் அழுத்தம் அந்த ஓரத்திலேயே விழும். விரிசல் அங்கேதான் தொடங்கும். அப்பா ஒன்றும் பேசவில்லை. கிரைண்டரை எடுத்து ஆங்கிளை அவரே வெட்டி எடுத்தார். விரிசலை அடிவரை தேய்த்து நிரப்பி, இடப்பக்கக் கையை அளவெடுத்து அதே மாதிரி வலப்பக்கத்துக்கும் செய்து ஒட்டினார். இரண்டு நாள் வேலை.

கூடுதல் இலையை எடுக்கவில்லை. அது யாருக்கும் கேடு செய்யவில்லை, வேண்டுமென்றால் நாலு போல்ட்டில் கழற்றிவிடலாம். அம்பாசிடர் சுவிட்சும் இருக்கிறது. வெட்டி எடுத்த ஆங்கிளை அப்பா எண்ணெய் தடவித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறார். நான் ஒரு 200 பக்க நோட்டுப் போட்டு, ஒவ்வொரு பாகமும் எங்கே இருந்தது, அதில் என்ன எழுத்து, எந்தக் காலத்துச் சேர்க்கை, நாங்கள் என்ன செய்தோம் என்று தேதியோடு எழுதி வருகிறேன். தொல்லியலில் குழி வெட்டுகிறவர்கள் செய்வதுதான். தோண்டிய இடம் திரும்பக் கிடைக்காது, எழுதியது மட்டும்தான் மிஞ்சும்.

வி.ஏ. எண்ணுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. கூடுதல் இலையைப் பார்த்துக் குழு என்ன சொல்லுமோ தெரியாது. இறுகிப் போயிருந்த பிஸ்டன்கள் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு வாரம் ஊறவைத்த பிறகு அசைந்துவிட்டன. பெட்ரோல் ஹோஸ்கள் எல்லாம் மாற்றியாயிற்று, இப்போது பங்கில் வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. அடுத்தது ஒயரிங். கூரை இன்னும் சுவரில் சாய்த்துதான் வைத்திருக்கிறது. கடைசியாகப் பூட்டுவது அதுதான்.

நண்பர்களே, ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் தாத்தாவோ பெரியப்பாவோ ஒரு ஹெரால்டின் பானெட்டில் கை வைத்து நிற்கிற போட்டோ இருக்கலாம். கொல்லையில் ஒரு கதவு, பரணில் ஒரு ஹப் கேப், டிரங்குப் பெட்டியில் ஓர் ஆர்.சி. புத்தகம் இருக்கலாம். காயலான் கடைக்காரர் வருவதற்கு முன் அதைத் துடைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், வண்டியில் யார் யார் எங்கே போனார்கள், யார் ரிப்பேர் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். முக்கியமாக மெக்கானிக்கின் பெயர். எங்கள் வண்டியில் அந்த ஆங்கிளை ஒட்டியவர் யார் என்று சொல்ல இன்றைக்கு ஆள் இல்லை.